32 ஜிபி டேப்லெட் நிரம்பிவிட்டது: குரூப் 4 பாடங்களை இழக்காமல் இடம் பிடிக்க வழி சொல்லுங்கள்

கரிசல்மலர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 32 ஜிபி டேப்லெட். 3 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 13. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடநூல் பிடிஎஃப், வகுப்பு வீடியோ, மாதிரி வினாத்தாள் எல்லாமே இதில்தான். வீட்டில் லேப்டாப் கிடையாது.

போன வாரத்திலிருந்து "ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது" என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. எந்த ஆப்பும் அப்டேட் ஆவதில்லை. வகுப்பு ஆப் பாதியில் தானாக மூடிக்கொள்கிறது. தோழியின் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுக்கப் போனால் அதுகூட சேவ் ஆகவில்லை.

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் காட்டுவது இது:

சிஸ்டம் 12.3 ஜிபி
ஆப்கள் 9.8
ஆவணங்கள் 4.2
வீடியோ 3.1
படங்கள் 1.4
ட்ரேஷ் 0.6
ஆடியோ 0.2
மீதி 0.4

ஆப்கள் எப்படி 9.8 ஆனது என்று புரியவில்லை. விளையாட்டு ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. புதிய டேப்லெட் வாங்க இப்போது வழியில்லை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாதான், அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்யவும் முடியாது. படிக்கிற பொருள் எதுவும் போகாமல் இடம் பிடிக்க முடியுமா?

தெற்குவீதி

ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை, புதுசு மாதிரி ஆகிவிடும்.

மாடிவீடு

ரீசெட் எல்லாம் வேண்டாம். ப்ளே ஸ்டோரில் கிளீனர் ஆப் நிறைய இருக்கிறது. ஒன்றைப் போட்டால் குப்பையை அதுவே துடைத்துவிடும். நான் தினமும் ஒரு தடவை ஓட்டுகிறேன்.

கோப்புக்காரன்

தெற்குவீதி, அவங்க எதையும் இழக்கக்கூடாது என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறார்கள். ரீசெட் போட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும். மறுபடி இறக்க டேட்டாவும் இல்லை. எந்த வழியும் பலிக்காதபோது கடைசியாகத்தான் அதைத் தொட வேண்டும்.

கிளீனர் ஆப்பும் வேண்டாம். அது பெரும்பாலும் துடைப்பது கேஷை. கேஷ் என்பது ஆப் வேகமாகத் திறப்பதற்காகத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் தற்காலிகக் கோப்பு. இன்று துடைத்தால் நாளை ஆப் திறந்ததும் மறுபடி சேரும், அதற்கு டேட்டாவும் செலவாகும். அதற்கு மேல் கிளீனர் ஆப்பே இடம் பிடிக்கும், விளம்பரம் காட்டும், எல்லாக் கோப்பையும் பார்க்க அனுமதி கேட்கும். உங்கள் டேப்லெட்டில் ஏற்கெனவே கூகுளின் ஃபைல்ஸ் ஆப் இருக்கலாம். இல்லையென்றால் அதை மட்டும் போடுங்கள். நம்ம ஊர் மாதிரி சேமிப்பிடம் குறைந்த சாதனங்களை மனதில் வைத்து 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் அதை வெளியிட்டார்கள். விளம்பரம் இல்லை.

இப்போது உங்கள் பட்டியல். சிஸ்டம் 12.3 என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டு, கம்பெனி போட்டுக் கொடுத்த ஆப்கள், ரெக்கவரிக்கு ஒதுக்கியது எல்லாம் சேர்ந்தது அது. நம்மால் குறைக்க முடியாது. ரூட் செய்து, அதாவது ஆண்ட்ராய்டின் பூட்டை உடைத்து, குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பேங்க் ஆப்கள் வேலை செய்யாமல் போகலாம்.

நீங்கள் தேட வேண்டியது அந்த 9.8-க்குள். செட்டிங்ஸில் ஆப்கள் பகுதிக்குப் போய் அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். டெலிகிராம் எவ்வளவு காட்டுகிறது? அதைச் சொல்லுங்கள். இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம்.

கரிசல்மலர்

ரொம்ப நன்றி அண்ணா. பார்த்தேன். டெலிகிராம் 5.9 ஜிபி! வகுப்பு ஆப் 1.9. மற்ற எல்லாம் சேர்ந்து 2 ஜிபிதான்.

ஆனால் டெலிகிராமில் வந்த பிடிஎஃப்களை ஃபைல்ஸ் ஆப்பில் தேடினால் கொஞ்சம்தான் தெரிகிறது. 5.9 ஜிபி எங்கே இருக்கிறது?

கோப்புக்காரன்

எதிர்பார்த்தேன். டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகள் டேப்லெட்டை என்னிடம் கொண்டுவந்தால் பெரும்பாலும் டெலிகிராம்தான் முதலிடத்தில் இருக்கும்.

டெலிகிராமில் நீங்கள் திறந்து பார்த்த ஒவ்வொரு பிடிஎஃபும் வீடியோவும் அந்த ஆப்புக்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில் தங்கிவிடும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஒரு ஆப்பின் சொந்த ஃபோல்டரை வேறு ஆப்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அதனால்தான் ஃபைல்ஸ் ஆப்பில் தெரியவில்லை, செட்டிங்ஸ் அதை "ஆப்கள்" கணக்கில் சேர்த்துக் காட்டுகிறது.

டெலிகிராமுக்குள் செட்டிங்ஸ் போய், "டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்", அதற்குள் "ஸ்டோரேஜ் யூசேஜ்" திறங்கள். கணக்குப் போட ஒரு நிமிடம் எடுக்கும். பிறகு வட்டப் படமாக எது எவ்வளவு என்று காட்டும். கீழே எந்தச் சேனல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற பட்டியலும் வரும்.

இதை அழித்தாலும் சேனலில் இருக்கும் பதிவு அப்படியே இருக்கும். டெலிகிராம் சர்வரில் மூலம் இருக்கிறது, உங்கள் டேப்லெட்டில் இருப்பது நகல். வேண்டும்போது தட்டினால் மறுபடி இறங்கும்.

பள்ளிக்கூடத்து_அக்கா

கோப்புக்காரன் சொல்வது சரி, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, மாலையில் குரூப் 4 படிப்பவர்களுக்கு உதவுகிறேன். டெலிகிராம் சர்வரில் இருக்கிறது என்பதை நம்பி எல்லாவற்றையும் அழித்துவிடாதே அம்மா. சேனல் நம்முடையது இல்லை. நடத்துபவர் பதிவை நீக்கலாம், கட்டணச் சேனலாக மாற்றலாம், காப்புரிமைப் புகார் வந்து சேனலே முடங்கலாம். தேர்வுக்கு முந்தைய மாதம் அப்படி நடந்து தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பிரித்துக்கொள். பள்ளிப் பாடநூல் என்றால் கவலையே இல்லை, பாடநூல் கழகத்தின் தளத்தில் எப்போதும் இலவசமாகக் கிடைக்கும். பழைய வினாத்தாளும் தேர்வாணையத் தளத்தில் இருக்கிறது. வேறு எங்கும் கிடைக்காதது எது? யாரோ ஒரு ஆசிரியர் கைப்பட எழுதிப் போட்ட குறிப்பு, ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வு, தோழி அனுப்பிய சுருக்கம். அவற்றை மட்டும் முதலில் வெளியே எடுத்து வை.

கரிசல்மலர்

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி பிரித்துப் பார்க்கிறேன். டெலிகிராம் வட்டத்தில் வீடியோ 2.9, ஆவணம் 2.6, மற்றவை 0.4 என்று இருக்கிறது. வீடியோவில் பாதிக்கு மேல் நான் பார்த்து முடித்தவை.

வெளியே எடுத்து வைப்பது எங்கே? நகராட்சி அறிவுசார் மையத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறேன், அங்கே கணினி இருக்கிறது. அதில் வைக்கலாமா?

கோப்புக்காரன்

பொதுக் கணினியில் வேண்டாம். டைப்-சி பென் டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனை டைப்-சி, மறுமுனை சாதாரண யூஎஸ்பி என்று இரண்டும் இருப்பதாகப் பார்த்தால் டேப்லெட்டில் நேரடியாகவும் செருகலாம், கணினியிலும் செருகலாம். ஃபைல்ஸ் ஆப்பில் கீழே அதன் பெயர் தோன்றும். டெலிகிராமில் வேண்டிய பிடிஎஃபின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "சேவ் டு டவுன்லோட்ஸ்" கொடுங்கள், பிறகு டவுன்லோட் ஃபோல்டரிலிருந்து பென் டிரைவுக்கு நகர்த்துங்கள். 0.4 ஜிபிதான் மீதி இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். பார்த்து முடித்த வீடியோக்களை முதலில் அழித்துவிட்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

நகர்த்தியதும் பென் டிரைவில் இருக்கும் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை வருகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் டேப்லெட்டில் இருப்பதை அழிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பென் டிரைவை உருவாதீர்கள், "எஜெக்ட்" கொடுத்துவிட்டு எடுங்கள்.

பள்ளிக்கூடத்து_அக்கா

இன்னொரு விஷயம். எங்கள் மாணவர்கள் எல்லோர் டேப்லெட்டிலும் பார்ப்பது. ஃபைல்ஸ் ஆப்பின் தேடல் கட்டத்தில் ஏதாவது ஒரு பாடநூலின் பெயரைப் போட்டுப் பார். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் என்று வைத்துக்கொள். எத்தனை வருகிறது?

கரிசல்மலர்

அக்கா, நம்பவே முடியவில்லை. டவுன்லோட் ஃபோல்டரில் ஒன்று. அதே பெயரில் கடைசியில் (1) போட்டு ஒன்று, (2) போட்டு ஒன்று. வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸுக்குள் "சென்ட்" என்ற ஃபோல்டரில் ஒன்று. டெலிகிராமுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் 38 எம்பி. ஒரே புத்தகம் ஐந்து தடவை!

பள்ளிக்கூடத்து_அக்கா

ஆக 190 எம்பி, ஒரே ஒரு புத்தகத்துக்கு. உன் 4.2 ஜிபி ஆவணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்.

எப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் மறுபடி நடக்காது. க்ரோமில் ஏற்கெனவே இறக்கியதை மறந்து இன்னொரு தடவை இறக்கினால் பழையதை மாற்றாது, பக்கத்தில் (1) என்று புதிதாக வைக்கும். டெலிகிராமில் திறந்தால் அதன் உள் ஃபோல்டரில் ஒரு நகல், "சேவ்" கொடுத்தால் டவுன்லோடில் இன்னொரு நகல். அதை ஒரு தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அனுப்பியதற்கென்று "சென்ட்" ஃபோல்டரில் ஒரு நகல். நாம் ஒரே புத்தகத்தைப் படிக்கிறோம் என்றுதான் நினைப்போம்.

ஃபைல்ஸ் ஆப்பில் "கிளீன்" பகுதியில் "டூப்ளிகேட்" என்று ஒரு பெட்டி வரும். அதைத் திற. அச்சு அசலாக ஒன்றாக இருப்பவற்றைக் கூட்டம் கூட்டமாகக் காட்டும், மூலத்தை விட்டுவிட்டு மற்றதைத் தேர்வு செய்யலாம். ஆனால் டெலிகிராமின் பூட்டிய ஃபோல்டருக்குள் அதனால் பார்க்க முடியாது. அதை டெலிகிராமுக்குள்ளேயே போய்த்தான் அழிக்க வேண்டும்.

ஊர்க்குருவி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளிடம் 2020-இல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேட், 32 ஜிபி. அதற்கும் இதே வழிதானா?

கோப்புக்காரன்

டெலிகிராம், வாட்ஸ்அப் விஷயத்தில் அதேதான். மற்றதுக்கு, செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் திறந்தால் ஆப் வாரியாகக் காட்டும். அதில் "ஆஃப்லோட்" என்று ஒரு வசதி, ஐஓஎஸ் 11 காலத்திலிருந்து இருக்கிறது. ஆப் மட்டும் போகும், அதற்குள் சேர்த்து வைத்த கோப்புகள் இருக்கும், மறுபடி ஆப்பைப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். "டெலீட் ஆப்" கொடுத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும், அதைக் கவனியுங்கள் சார். போட்டோஸில் "ரீசன்ட்லி டெலீட்டட்" ஆல்பத்தையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஐபேடில் மெமரி கார்டு செருக இடமில்லை. ஐபேட்ஓஎஸ் 13 முதல் பென் டிரைவ் வேலை செய்யும், ஆனால் உங்களுடையது லைட்னிங் போர்ட் என்பதால் தனி அடாப்டர் வேண்டும்.

ஊர்க்குருவி

நன்றி. ஆஃப்லோட் பற்றித் தெரியாமல் இருந்தேன்.

நல்லூர்வாசி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தேர்வுக்காக இல்லை, ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் தளத்திலிருந்து பழைய பத்திரிகைகளும் புத்தகங்களும் எடுத்து வாசிக்கத்தான் டேப்லெட் பாவிக்கிறேன். 2005-இல் தொடங்கிய நூலகத் திட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், ஆகவே இந்த இடப் பிரச்சினை எனக்கு நல்ல பழக்கம்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்லலாம். ஸ்கேன் பிடிஎஃபில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தாக இருக்கும் கோப்புக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருக்குறள் 1330 குறளும் யூனிகோட் எழுத்தில், மூலம் மட்டும் என்றால் 400 கேபிக்குள் அடங்கிவிடும். அதையே உரையோடு ஸ்கேன் செய்த புத்தகமாக வைத்திருந்தால் பல பத்து எம்பி. உங்கள் பாடத்திட்டத்தில் இலக்கியப் பகுதி இருக்கிறதுதானே? எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், கம்பராமாயணம் என்று மூலநூல்கள் எல்லாம் மதுரைத் திட்டத்தில் எழுத்து வடிவில் இருக்கின்றன. 1998-இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். எழுத்தாக இருப்பதால் ஒரு சொல்லைத் தேடி எடுக்கவும் முடியும். ஸ்கேன் பக்கத்தில் அது நடக்காது.

படம், வரைபடம், அட்டவணை வேண்டிய பாடத்துக்கு மட்டும் பிடிஎஃப் வைத்திருங்கள்.

கரிசல்மலர்

அண்ணா, ரொம்ப நன்றி. தமிழ்த் தகுதிப் பகுதியில் 100 வினா, அதற்குத்தான் நிறைய ஸ்கேன் புத்தகம் சேர்த்து வைத்திருக்கிறேன். எழுத்து வடிவில் கிடைக்கும் என்று தெரியாது.

வீடியோ பற்றியும் கேட்க வேண்டும். நேரலை வகுப்பைச் சில சமயம் ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து வைப்பேன். அதுதான் அந்த 3.1 ஜிபி என்று நினைக்கிறேன்.

கோப்புக்காரன்

அதுவேதான். கணக்கு எளிது. ஸ்கிரீன் ரெக்கார்டர் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நொடிக்கு 1 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. அதே வகுப்பை 480பி தரத்தில் நொடிக்கு 1 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 450 எம்பி. கரும்பலகை எழுத்து தெரிய அதுவே போதும். ரெக்கார்டர் செட்டிங்கில் வீடியோ தரம் என்ற இடத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். பதியக்கூடாது என்று வகுப்பு நடத்துபவர் சொல்லியிருந்தால் பதியாதீர்கள், அது அவர்கள் உழைப்பு.

வரலாறு, அரசியலமைப்பு மாதிரி கேட்டாலே புரியும் பாடமென்றால் ஒலி மட்டும் போதும். நொடிக்கு 64 கிலோபிட் ஆடியோ மணிக்கு 29 எம்பிகூட வராது. 450 எம்பி பிடிக்கும் ஒரு வீடியோவின் இடத்தில் பதினைந்து மணி நேரப் பாடத்தை வைக்கலாம். பஸ்ஸில் போகும்போது கேட்கவும் வசதி. கணக்குப் பாடத்துக்கு மட்டும் வீடியோவை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு ஆப்பின் 1.9 ஜிபியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் போனால் "கிளியர் கேஷ்", "கிளியர் ஸ்டோரேஜ்" என்று இரண்டு பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவதைத் தொட்டால் நீங்கள் காசு கட்டி இறக்கி வைத்த வகுப்பு, லாகின், தேர்வு மதிப்பெண் எல்லாம் டேப்லெட்டிலிருந்து போய்விடும். அங்கே போகவே வேண்டாம். ஆப்புக்குள் "டவுன்லோட்ஸ்" பட்டியலைத் திறந்து, முடித்த வகுப்பை ஒவ்வொன்றாக எடுங்கள்.

மாடிவீடு

கிளீனர் ஆப்பை நானும் எடுத்துவிட்டேன். இத்தனை பேர் சொல்வதைப் படித்த பிறகு எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சரி, ஒரு கேள்வி. டேப்லெட்டில் மெமரி கார்டு செருகும் இடம் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததே? ஆன்லைனில் 1 டிபி கார்டு சில நூறு ரூபாய்க்குப் பார்த்தேன்.

கோப்புக்காரன்

தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அந்த விலைக்கு 1 டிபி கார்டு தயாரிக்கவே முடியாது. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோ இருக்கும், 1 டிபி என்று பொய் சொல்லும்படி அதை இயக்கும் கன்ட்ரோலர் சில்லை மாற்றியிருப்பார்கள். கோப்பு ஏறுகிற மாதிரியே தெரியும். நிஜமான கொள்ளளவைத் தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும் அல்லது ஒன்றுமே எழுதாது. திறக்கும்போதுதான் தெரியும். புதிய கார்டு எதுவாக இருந்தாலும் முதல் நாளே சோதியுங்கள். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். படிக்கிற பிள்ளைகளின் ஒரு வருடக் குறிப்பு இதை நம்பி இருக்கும்போது இந்த மோசடி மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

நல்ல கடையில் ரசீதோடு 64 அல்லது 128 ஜிபி வாங்கினால் போதும். மேலே ஏ1 என்று அச்சிட்டிருப்பதாகப் பாருங்கள். சிறு சிறு கோப்புகளை எவ்வளவு வேகமாகப் படிக்கும், எழுதும் என்பதற்கான குறி அது. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 தடவை படிக்கும், 500 தடவை எழுதும்.

செருகியதும் சில டேப்லெட்டில் "இன்டர்னல்" ஆக்கவா, "போர்ட்டபிள்" ஆக்கவா என்று கேட்கும். ஆண்ட்ராய்டு 6-இல் வந்த வசதி, எல்லாக் கம்பெனியும் கொடுப்பதில்லை. இன்டர்னல் ஆக்கினால் கார்டை அழித்து, பூட்டி, அந்த டேப்லெட்டோடு கட்டிவிடும். வேறு எதிலும் செருகிப் படிக்க முடியாது. டேப்லெட் கெட்டால் கார்டில் இருப்பதும் போச்சு. படிப்புக் கோப்புக்குப் போர்ட்டபிள்தான் நல்லது.

கார்டு செருகியிருந்தால் டெலிகிராமின் "டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்" பக்கத்திலேயே சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றும் வசதி வரும். கேமராவிலும் அப்படி மாற்றலாம்.

தெற்குவீதி

கார்டு ஒரு நாள் திடீரென்று செத்துப்போகுமே. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஆயிற்று. அதற்குக் கூகுள் டிரைவே மேல் இல்லையா?

கோப்புக்காரன்

சரியான கேள்வி. கார்டில் மட்டும் இருக்கிற ஒரே பிரதி ஆபத்துதான், அதனால்தான் பென் டிரைவும் சொன்னேன். கூகுள் டிரைவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்னால் போட்டோஸில் தரம் குறைத்துப் போட்ட படம் கணக்கில் வராது, இப்போது வரும். வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து அந்த 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. அதனால் வேறெங்கும் கிடைக்காத அந்தக் கொஞ்சம் குறிப்புகளை மட்டும் டிரைவில் ஏற்றுங்கள். பாடநூலை ஏற்ற வேண்டியதில்லை.

கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுத்தால் பேக்கப் ஆன படத்தின் டேப்லெட் நகல் மட்டும் போகும், ஆன்லைனில் இருக்கும். சாதாரணமாக ஒரு படத்தைத் தொட்டு டெலீட் கொடுத்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு குடும்பப் படங்களை இழந்தவர்கள் நிறைய.

பள்ளிக்கூடத்து_அக்கா

வாட்ஸ்அப்பையும் பார்த்துவிடு மலர். செட்டிங்ஸ், "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", "மேனேஜ் ஸ்டோரேஜ்". 5 எம்பிக்கு மேல் உள்ளவை ஒரு பெட்டியிலும், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை இன்னொரு பெட்டியிலும் இருக்கும். காலை வணக்கம் வீடியோ எல்லாம் அங்கே கிடைக்கும். தயங்காமல் எடு.

கரிசல்மலர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து பொறுமையாகச் செய்தேன். பென் டிரைவ் வாங்கி, வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் ஏற்றித் திறந்து பார்த்தேன். கூகுள் டிரைவிலும் ஏற்றினேன். அப்புறம்தான் அழிக்க ஆரம்பித்தேன். இலக்கியப் புத்தகங்களுக்கு நல்லூர்வாசி அண்ணா சொன்ன எழுத்து வடிவத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நடுவில் ஒன்று குழப்பியது. டூப்ளிகேட் எல்லாவற்றையும் அழித்த பிறகும் இடம் கூடவே இல்லை.

கோப்புக்காரன்

ட்ரேஷ் ஃபோல்டர். ஃபைல்ஸ் ஆப், கேலரி இரண்டும் அழித்ததை உடனே தூக்கிப் போடுவதில்லை, 30 நாள் வைத்திருக்கும். அதுவரை அந்த இடம் பிடித்தபடிதான் இருக்கும். போட்டோஸில் பேக்கப் ஆன படமென்றால் ட்ரேஷில் 60 நாள். தேவையில்லை என்று உறுதியானதும் ஒவ்வொரு ஆப்பிலும் ட்ரேஷைக் காலி செய்யுங்கள்.

கரிசல்மலர்

அதேதான் அண்ணா! காலி செய்ததும் இப்போது:

சிஸ்டம் 12.3 ஜிபி
ஆப்கள் 3.2
ஆவணங்கள் 1.7
படங்கள் 1.0
ஆடியோ 0.9
வீடியோ 0.8
ட்ரேஷ் 0
மீதி 12.1

வகுப்பு ஆப் மூடிக்கொள்வது நின்றுவிட்டது. டேப்லெட்டே வேகமாகிவிட்ட மாதிரி இருக்கிறது, அது நிஜமா, எனக்குத் தோன்றுகிறதா?

கோப்புக்காரன்

நிஜம்தான். டேப்லெட்டின் நினைவகச் சில்லில் ஏற்கெனவே எழுதிய இடத்தில் அப்படியே மேலே எழுத முடியாது. ஒரு கட்டம் முழுவதையும் அழித்த பிறகுதான் புதிதாக எழுதும். அதனால் உள்ளே எப்போதும் கோப்புகளை இங்கும் அங்கும் மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும். முற்றம் முழுக்க நெல்லைப் பரப்பிவிட்டால் கிளறிவிடக் கால் வைக்க இடமிருக்காது, அந்த நிலையில்தான் உங்கள் டேப்லெட் இருந்தது. எப்போதும் 3, 4 ஜிபி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு தானாக எச்சரிக்கை கொடுப்பது 500 எம்பி அளவுக்கு வந்த பிறகுதான், அது ரொம்பத் தாமதம்.

இனி நிரம்பாமல் இருக்க இந்த மூன்று இடத்தை மாற்றி வையுங்கள். டெலிகிராமில் "ஸ்டோரேஜ் யூசேஜ்" பக்கத்தின் கீழே எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும். சேனல்களுக்கு ஒரு வாரம் போடுங்கள், பார்க்காதது தானாகப் போகும். அதன் கீழேயே அதிகபட்ச அளவையும் குறிக்கலாம். அடுத்து டெலிகிராம், வாட்ஸ்அப் இரண்டிலும் "ஆட்டோ டவுன்லோட்" பகுதியில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் வீடியோ, ஆவணம் ஆஃப். உங்கள் 1.5 ஜிபி டேட்டாவும் மிச்சமாகும். கடைசியாக ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் பயன்படுத்தாத ஆப்களைத் தானாக "ஆர்க்கைவ்" செய்யும் வசதியை ஆன் செய்யுங்கள். 2023-இல் வந்தது, ஆப்பின் பெரும்பகுதி போய் உங்கள் தரவு மட்டும் இருக்கும், ஐகானைத் தொட்டால் திரும்ப இறங்கும். ஆனால் காசு கட்டிய வகுப்பு ஆப்பை அதிலிருந்து விலக்கிவிடுங்கள். செட்டிங்ஸில் அந்த ஆப் பக்கத்துக்குப் போய், "பயன்படுத்தாவிட்டால் இடைநிறுத்து" என்ற பொருள் வருகிற பொத்தானை ஆஃப் செய்தால் போதும்.

கரிசல்மலர்

மூன்றையும் மாற்றிவிட்டேன். நிலுவையில் இருந்த சிஸ்டம் அப்டேட்டும் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது.

நல்லூர்வாசி

மகிழ்ச்சி தங்கச்சி. நன்றாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்து_அக்கா

மலர், தமிழ்ப் பகுதிக்கு எழுத்து வடிவில் கிடைக்கும் நூல்களைப் பாடத்திட்ட வரிசையில் பட்டியலாக எழுதி இங்கேயே நாளை போடுகிறேன். மதுரைத் திட்டத்தில் எந்த நூல் எந்த எண்ணில் இருக்கிறது என்று நல்லூர்வாசி சரிபார்த்துக் கொடுத்தால் எங்கள் மாணவர்களுக்கும் உதவும்.

நல்லூர்வாசி

கட்டாயம். சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்.